தீவு விட்டுத் தீவு: வாசகர் கேள்வி – பதில்

பள்ளி விடுமுறையும் பெருநாள் விடுப்பும் நெருங்கும்போது கடல் தாண்டும் கேள்விகள் குவிந்துவிடுகின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

பினாங்கிலிருந்து லங்காவிக்கு முன்பு நேராகவே ஃபெரி ஓடியது. இப்போது பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் இருவர் போகப் போகிறோம். விமானமா, படகா? எது லாபம்?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

ஜார்ஜ்டவுன் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து லங்காவியின் குவா துறைக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்த அந்தச் சேவை, 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நின்றுபோனது. அதன் பழைய அட்டவணை இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு விடுதிக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். படகு என்றால் கோலா கெடா அல்லது கோலா பெர்லிஸ் போய் ஏறுவதாகவே கணக்குப் போடுங்கள். கோலா கெடாவிலிருந்து குவாவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், கோலா பெர்லிஸிலிருந்து ஒன்றே கால் மணி நேரம்.

விலையைப் பார்க்கும் முன் வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல் வரை மணிக்கணக்கைப் பாருங்கள். நீங்கள் ஆயர் ஈத்தாமில் இருக்கிறீர்கள். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குப் பாலம் தாண்ட வேண்டியதில்லை. விமானம் வானத்தில் இருப்பது நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. இறங்குமிடம் பாடாங் மாட்சிராட், அங்கிருந்து பந்தாய் செனாங் கடற்கரை பக்கம்தான். விமானத்தில் போனால் எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரத்துக்குள் அறையில் இருக்கலாம்.

இதையே பொதுப் போக்குவரத்திலும் படகிலும் செய்தால் வெல்ட் கீயிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஃபெரி, அங்கே பினாங்கு சென்ட்ரலை ஒட்டிய நிலையத்திலிருந்து பாடாங் பெசார் போகும் கொமுட்டர் ரயில், அலோர் ஸ்டாரில் இறங்கிக் கோலா கெடாவுக்குச் சுமார் 12 கிலோமீட்டர் கிராப், பிறகு கடல், கடைசியில் குவாவிலிருந்து செனாங்குக்கு இன்னொரு வண்டி. ஒவ்வொரு இடத்திலும் காத்திருப்பு உண்டு. ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது, ஆறும் ஆகலாம். ஆறு பேர் என்றால் ஒரு கிராப் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, பினாங்குத் தீவில் இருப்பவர் விமானச் சீட்டை முன்கூட்டியே வாங்க முடிந்தால் விமானமே மேல். புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பட்டாணி ஆட்களுக்குக் கணக்கு தலைகீழ். விமானத்துக்காகப் பாலம் ஏறித் தெற்கே இறங்குவதைவிடச் சொந்தக் காரில் வடக்கே போய், துறையருகே வண்டியை நிறுத்திவிட்டுப் படகேறுவது சுலபம். பள்ளி விடுமுறையில் விமானக் கட்டணம் எகிறும். படகுக் கட்டணம் அப்படி நாளுக்கொரு விலையாக மாறுவதில்லை.

படகுச் சீட்டு பெயர் போட்டுத்தான் தருவார்கள். பெரியவர்களின் மைகாட், பிள்ளைகளின் மைகிட் அசல் கையில் இருக்கட்டும். இரவுப் படகு கிடையாது. கடைசிப் படகு மாலையோடு சரி, அதைக் குறிவைத்துக் கிளம்பாதீர்கள். அதற்கு முந்தைய படகே உங்கள் படகு என்று வைத்துக்கொண்டால், வழியில் ஒரு வண்டி தவறினாலும் கடைசிப் படகு கைகொடுக்கும்.

கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிபிஎஸ் பேருந்து நிலையத்தில் ஏறினால் கோலா பெர்லிஸ் வரை இரவுப் பேருந்து இருக்கிறது. விடியும் முன்பே இறக்கிவிடும், முதல் படகு வரை துறையில் குந்தியிருக்க வேண்டும். இடிஎஸ் ரயிலில் வந்து அலோர் ஸ்டாரிலோ ஆராவிலோ இறங்குவது உடம்புக்கு நல்லது. ஆராவ் சிறிய ஊர், ரயிலைவிட்டு இறங்கியதும் கிராப் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அலோர் ஸ்டாரில் அந்தக் கவலை இல்லை.

தைப்பூச விடுப்பில் கோலா பெர்லிஸ் போனோம். காற்றுமில்லை, மழையுமில்லை. ஆனாலும் படகு இரண்டு மணி நேரம் தாமதம். 'ஆயர் சூருட்' (நீர் வற்றம்) என்றார்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா?
– வாசகர், சுங்கை பட்டாணி

முடியும். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும்.

கோலா பெர்லிஸ் ஆற்று முகத்துவாரம். ஆறு கொண்டுவரும் சேறு படிந்து படிந்து படகுப்பாதை ஆழம் குறைந்துகொண்டே போகிறது. நீர் வற்றும் நேரத்தில் ஃபெரியின் அடிப்பாகம் சேற்றில் தட்டும். அதனால் துறையிலிருந்து கிளம்ப வேண்டியது நிற்கும், லங்காவியிலிருந்து வருவது வெளியே காத்திருக்கும். அவசரப்பட்டு உள்ளே வந்தால் தரைதட்டி, நீர் ஏறும்வரை பயணிகளோடு அப்படியே கிடக்கும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகப் பெரிதாக இருக்கும். அந்த நாளிலேயே உச்சம் என்றில்லை, ஓரிரு நாள் பிந்தியும் வரும். நம் பெருநாள்களைப் பாருங்கள். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டியது, மாசி மகமும் அப்படியே. தீபாவளியோ அமாவாசையை ஒட்டியது. அதாவது நமக்கு விடுப்பு கிடைக்கிற நாளில்தான் துறையில் தண்ணீர் குறைவாக இருக்கிறது! சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேரே வரும் மார்ச், செப்டம்பர் மாதங்களின் பௌர்ணமி, அமாவாசைகளில் வற்றம் இன்னும் ஆழம்.

மீதிப் பாதிக்கு ஓத அட்டவணை வேண்டும். தேசிய நீர்ப்பரப்பியல் மையம் ஆண்டுதோறும் 'ஜடுவால் பாசாங் சூருட்' வெளியிடுகிறது, கைப்பேசிச் செயலிகளும் உண்டு. நம் மேற்குக் கரையில் நாளுக்கு இருமுறை ஏற்றம், இருமுறை வற்றம். மறுநாள் அதே வற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அட்டவணையில் அடிமட்ட நேரம் காலை 8 மணி என்றிருந்தால் 8.15-க்குச் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நீர் முதலில் மெதுவாகத்தான் ஏறும். ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கு. முதல் இரண்டு மணி நேரத்தில் ஏறுவது கால்வாசிதான். உங்கள் இரண்டு மணி நேரத் தாமதத்தின் கணக்கு இதுதான்.

அடிமட்ட நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் விட்டுப் படகைத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் அன்று கோலா கெடா போய்விடுங்கள். அதுவும் ஆற்று முகத்துவாரம்தான், ஆனால் இந்தத் தொல்லையை அதிகம் கேள்விப்படுவது கோலா பெர்லிஸில்தான். திரும்பி வரும் நாளில் இதை மறந்துவிட்டு ரயில் சீட்டு எடுப்பவர்கள் நிறைய. ரயில் காத்திருக்காது.

இன்னொன்று, மிதவைத் துறையில் நீர் வற்றினால் இறங்குபாலம் செங்குத்தாகச் சாயும். முழங்கால் வலிக்காரர்களையும் சக்கர நாற்காலியையும் அந்த நேரத்தில் இறக்குவது ஆபத்து. பாட்டி உடன் வருகிறார் என்றால் விமானம். சக்கர நாற்காலி வேண்டுமென்று சீட்டு எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். படிக்கட்டில் ஏற வேண்டிய விமானமா என்றும் கேட்டு வையுங்கள்.

என் பத்து வயது மகன் படகில் ஏறினாலே வாந்தி எடுக்கிறான். வழி உண்டா?
– வாசகி, செந்தூல்

அவன் உட்காரும் இடத்தை மாற்றுங்கள். படகு அலையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். கீழ்த்தளத்தில், நடுவுக்குச் சற்றுப் பின்னால், நடைபாதை ஓரம் உட்கார வையுங்கள். லங்காவி ஃபெரிகள் மூடிய குளிர்சாதன அறைகள். உள்ளே திரையில் படம் ஓடும், வெளியே அலை ஓடும். கண் 'அசையவில்லை' என்கிறது, காது நரம்பு 'அசைகிறது' என்கிறது. வாந்தி அந்த முரண்பாட்டில்தான் வருகிறது. படமும் கைப்பேசி விளையாட்டும் அதை மோசமாக்கும். சன்னல் வழியே தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெறும் வயிறும் கூடாது, சந்தான் மிதக்கும் நாசி லெமாக்கும் கூடாது. ரொட்டித் துண்டோ இரண்டு இட்லியோ போதும். டைமென்ஹைட்ரினேட் மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கும். வயதுக்கேற்ற அளவை மருந்தாளரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். குமட்டத் தொடங்கிய பிறகு கொடுத்தால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். அது தூக்கம் வரவைக்கும், ஆகவே கரையில் கார் ஓட்டப் போகிறவர் போட்டுக்கொள்ள வேண்டாம். குளிர் அதிகம், ஒரு சட்டை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

லங்காவியில் உறவினர் புதுமனை புகுவிழா. பூசைச் சாமான்களை விமானத்தில் கொண்டுபோகலாமா?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

கற்பூரத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விமானப் போக்குவரத்தில் அது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள், கைப்பையிலும் கூடாது, அடியில் போடும் பெட்டியிலும் கூடாது. கொப்பரைத் தேங்காயும் தானாகச் சூடேறும் பொருள் வகையில் வருவதால் அப்படியே. இரண்டையும் கரையில் வாங்கிப் படகில் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். குத்துவிளக்கு, அரிவாள்மணை, தேங்காய் உடைக்கும் கத்தி எல்லாம் அடிப்பெட்டியில். நெய், ஊறுகாய் போன்றவற்றுக்கு 100 மில்லிலிட்டர் கட்டுப்பாடு வெளிநாட்டு விமானங்களுக்குத்தான். உள்நாட்டில் கசியாமல் கட்டினால் போதும்.

பவர் பேங்க் இதற்கு நேர்மாறு, கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும். வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 74 வருகிறது, தாராளமாகப் போகலாம்.

ஏர் ஏசியாவில் கைச்சாமான் மொத்தம் 7 கிலோ. போகும்போது இது யாருக்கும் பிரச்சினையில்லை. திரும்பும்போது குவாவில் வாங்கிய கண்ணாடிச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எடைமேடை முன் நிற்பவர்களைத்தான் பார்க்கிறோம். அதற்கும் சேர்த்து அடிப்பெட்டி எடையை முன்பே வாங்கினால் மலிவு.

லங்காவிக்கு ஒரு நாள் போய்த் திரும்பும்போது மது, சிகரெட் வரியில்லாமல் கொண்டுவரலாமா?
– வாசகர், நிபோங் தெபால்

ஒரு நாளுக்குச் சலுகை இல்லை. 48 மணி நேரமாவது தீவில் தங்கியிருக்க வேண்டும், போன சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். மது பெரியவர் ஒருவருக்கு ஒரு லிட்டர். பிள்ளைகள் பெயரில் கணக்கு ஏறாது. சிகரெட்டுக்கு 2021 முதல் வரியில்லாத் தீவுகளிலும் வரி வந்துவிட்டது. சாக்லேட் வாங்குங்கள், ஆனால் துறையில் வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள்.

லங்காவியிலிருந்து தாய்லாந்தின் லிப்பே தீவுக்கு நேராகப் போக முடியுமாமே?
– வாசகி, ஜெலுத்தோங்

போகலாம், ஆனால் ஆண்டு முழுதும் அல்ல. ஏறத்தாழ நவம்பர் முதல் மே வரைதான் நேரடிப் படகுகள். தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் முரடு. அப்போது பாடாங் பெசார் வழியே தரையில் போய்த் தாய்லாந்தின் பாக் பாரா துறையில் படகேற வேண்டும்.

கடப்பிதழ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். மலேசியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. 2025 மே 1 முதல் தாய்லாந்தின் மின்வருகை அட்டையை, சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். லிப்பேயில் பெரிய படகு கரையோடு ஒட்டாது. மிதவையில் இறக்கி, நீள்வால் படகில் மணலுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்க நேரலாம், ஆகவே சக்கரப் பெட்டி வேண்டாம், தோள்பை போதும். சில்லறையாகத் தாய் பாட் கையில் இருக்கட்டும். படகுக்காரருக்கும் தேசியப் பூங்காக் கட்டணத்துக்கும் அதுதான் வேண்டும்.

தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். லிப்பேயில் கைப்பேசி எந்த நாட்டுக் கோபுரத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. திரும்பும் படகின் நேரம் எந்த நாட்டு நேரம் என்று கேட்டு, சீட்டின் மேலேயே எழுதி வையுங்கள்.

டிசம்பரில் பெர்ஹெந்தியான் போகலாமா?
– வாசகர், ரவாங்

வேண்டாம். வடகிழக்குப் பருவக்காற்று நேரே அந்தக் கிழக்குக் கரையில்தான் மோதும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை விடுதிகள் பெரும்பாலும் மூடியிருக்கும், கோலா பெசுட் படகுகளும் அப்படித்தான். அதே டிசம்பரில் லங்காவி, தீபகற்பத்தின் மறைவில், நல்ல பருவத்தில் இருக்கும்.

மாசி மகத்துக்குப் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறோம். எங்கே படகேறுவது?
– வாசகி, ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் வந்தவர்

லுமுட்டில் ஏறினால் அரை மணி நேரத்துக்கு மேல், மரினா ஐலண்டில் ஏறினால் பத்து நிமிடம் அளவில். ஆனால் உங்களுக்கு லுமுட் படகே பொருத்தம், அது சுங்கை பினாங் கெச்சிலில் நின்று போகும், கோயில் அந்தப் பக்கம்தான். பேருந்தில் வருகிறவர்களுக்கும் லுமுட்டில் நிலையமும் துறையும் பக்கத்தில் பக்கத்தில். கற்பூரத்துக்கு இங்கே தடை சொல்ல விமானம் இல்லை.

பங்கோர் 2020 ஜனவரி 1 முதல் வரியில்லாத் தீவு, எனினும் மது, புகையிலை, வாகனங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. திருவிழா இரவில் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் துறைக்கு வரும். போகும்போதே இருவழிச் சீட்டு எடுங்கள். அன்றைய கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முகப்பில் கேட்டுக்கொண்டு, தேர் முடியும்வரை இருக்க ஆசையென்றால் அன்றிரவு தங்க அறையையும் முன்பே சொல்லி வையுங்கள்.