பத்தாயம் இருக்கும்போது பங்களா எதுக்கு?

சார் வணக்கம். நேத்து ராத்திரி எஸ்.பாலச்சந்தரோட 'நடு இரவில்' பாத்தேன். சுத்தி தண்ணி, நடுவுல பங்களா, சொந்தக்காரங்க வந்து கூடுறாங்க, ஒவ்வொருத்தரா சாகுறாங்க. 1970ல வந்த படம், இன்னிக்கும் உதறுது. இந்த மாதிரி கதைக்கு ஏன் எப்பவும் பங்களா, அரண்மனைன்னே போறாங்க? நம்ம பக்கத்து பழைய வீட்டுல எடுத்தா எடுபடாதா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமா எடுபடும், ஆனா பங்களா ஃபார்முலாவ அப்படியே தூக்கிட்டு வந்தா ஊத்திக்கும். அங்க மாடிப்படி, பூட்டின ரூம்னு ஒளிச்சு வைக்க எடம் இருக்கு. நம்ம ஓட்டு வீட்டுல திண்ணை, ரேழி, கூடம், முற்றம், ரெண்டாங்கட்டுன்னு வரிசையா போயி வாசல்ல நின்னாலே கொல்லைக்கதவு தெரியும், இதுல எங்கடா சஸ்பென்ஸ்னு டைரக்டருங்க பயப்படுறாங்க போல. எனக்கு அதுதான் பயமே. சாத்தியிருந்த கொல்லைக்கதவு, காபி டம்ளர கீழ வச்சிட்டு நிமிந்து பாத்தா திறந்து கெடக்கு. பின்னணி இசையே தேவையில்ல. (பாலச்சந்தர் வீணை வித்வான், அவரே 1954ல 'அந்த நாள்'ல ஒரு பாட்டு கூட வைக்கல.)

ஆனா இது வேலை செய்யணும்னா எந்தக் கதவு எங்க போகுதுன்னு முதல் அரைமணி நேரத்துல ஆடியன்ஸுக்கு மனப்பாடம் ஆயிருக்கணும். இப்ப வர்ற படத்துல ஹீரோயின் ஓடிக்கிட்டே இருக்காங்க, எங்க ஓடுறாங்கன்னு நமக்கும் தெரியல எடுத்தவங்களுக்கும் தெரியல.

அப்புறம் பத்தாயம் இருக்கே! ஆள் உசரத்துக்கு மேல பலகைப்பெட்டி, நெல்ல மேல கொட்டுவாங்க, எடுக்க கீழ சின்னதா ஒரு வாய், மூடிய தூக்கினா சரசரன்னு வந்து விழும். ஒருநாள் தூக்குறாங்க, நாலு நெல்மணி விழுந்து நின்னுருது. மேல எட்டிப் பாத்தா நெல்லு நெறைய இருக்கு. உள்ள எதுவோ அடைக்குது. கைய விட யாரு போவா சொல்லுங்க?

தீவு வேணும்னா 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்ச ராத்திரிய எடுத்துக்கலாம், கரண்ட் இல்ல, டவர் இல்ல, ரோடு பூரா மரம், உங்க ஊர்க்காரருக்கு நான் சொல்லணுமா. பேய் மட்டும் வேண்டாம். பாகம் பிரிக்காத வீடு, நாலு அண்ணன் தம்பி, பத்திரம் யார்கிட்ட இருக்குன்னு தெரியாது, கொலைக்கு இதுக்கு மேல என்ன காரணம் வேணும்?