'மேட் இன் இந்தியா' என்று போட்ட சிசிடிவி கேமராவுக்குள் சீனச் சிப் இருந்தால் தடையில் மாட்டுமா?

கேள்வி இது: சீனக் கேமராவுக்குத் தடை என்கிறார்கள். டப்பாவில் 'மேட் இன் இந்தியா' என்று இருந்தால் உள்ளே இருக்கும் பாகங்களும் இந்தியாவில் செய்ததா? ஏற்கெனவே மாட்டிய கேமராவைக் கழற்ற வேண்டுமா?

கழற்ற வேண்டாம். கிருஷ்ணகிரியில் கேமரா மாட்டுவதுதான் என் தொழில், என்னிடம் இதைக் கேட்காத வாடிக்கையாளர் இல்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டப்பா விஷயத்தைத்தான் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்காய் மண்டியில் நெட்டில் இணைக்கும் ஐ.பி. கேமரா எட்டு மாட்டியிருந்தேன். கோடை மழையில் இடி விழுந்து ஒன்று போய்விட்டது. பெங்களூரில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய், அதே கம்பெனி, அதே மாடல் நம்பர் பார்த்து வாங்கி வந்து மாட்டினேன். ராத்திரிப் படம் மட்டும் மற்ற ஏழோடு ஒத்துப்போகவே இல்லை. ஃபர்ம்வேர், அதாவது கேமராவுக்குள் ஓடும் மென்பொருள், வித்தியாசம் போல என்று, பழைய கேமராவுக்கு வைத்திருந்த ஃபைலை இதில் ஏற்றினேன். அவ்வளவுதான். புத்தம் புதுக் கேமரா, திரும்ப எழவே இல்லை.

கடைக்குக் கொண்டுவந்து, இடி விழுந்ததையும் நான் கொன்றதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன். வெளியே இரண்டும் ஒரே அச்சு, உருளை வடிவ வெள்ளை புல்லட் கேமரா. சிப் மேலே இருக்கும் எழுத்து நேராகப் பார்த்தால் தெரியாது, மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பழையதில் 'ஹெச்ஐ 3516' என்று தொடங்கியது. புதியதில் 'எஸ்எஸ்சி 335'. முதலாவது சீனாவின் ஹுவாவேயின் துணை நிறுவனமான ஹைசிலிகான் சிப், அடுத்தது சிக்மாஸ்டார் என்ற வேறு கம்பெனியின் சிப். மாடல் நம்பரில் கை வைக்காமல் மூளையை மாற்றியிருக்கிறார்கள்.

இதற்கும் தடைக்கும் என்ன சம்பந்தம் என்றால், அமெரிக்காவில் 2018 ஆகஸ்டில் வந்த பாதுகாப்புத் துறைச் சட்டத்தின் 889-ஆம் பிரிவு ஹுவாவே, இசட்டிஇ, ஹைட்டெரா, ஹிக்விஷன், டாஹுவா ஆகிய ஐந்து சீனக் கம்பெனிகளின் பொருள்களை அரசு வேலைக்கு ஆகாது என்றது. துணை நிறுவனங்களும் அதில் அடக்கம், முக்கிய பாகமாக உள்ளே இருந்தாலும் ஆகாது. ஆகவே கேமரா மேல் எந்த நாட்டுக் கம்பெனி பெயர் இருந்தாலும், உள்ளே ஹைசிலிகான் இருந்தால் அமெரிக்க அரசு அலுவலகத்துக்குள் போகாது. 2020-இல் அடுத்த அடி. அமெரிக்கத் தொழில்நுட்பத்தை வைத்து ஹுவாவேக்குச் சிப் செய்து கொடுக்க அனுமதி வேண்டும் என்றார்கள். அந்த செப்டம்பரோடு ஹுவாவேக்குச் சிப் செய்து கொடுத்துவந்த தைவானின் டிஎஸ்எம்சி கையை எடுத்துக்கொண்டது. கேமரா கம்பெனிகள் நோவாடெக், சிக்மாஸ்டார், அம்பரெல்லா என்று வேறு சிப் கம்பெனிகளிடம் ஓடின. வேடிக்கை என்னவென்றால் சிக்மாஸ்டாரும் சீனக் கம்பெனிதான். அந்த ஐந்து பேர் பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவே.

லென்ஸ், இருட்டில் படம் எடுக்க உதவும் ஐ.ஆர். எல்.ஈ.டி., கூடு எல்லாம் எங்கிருந்து வந்தாலும் ஒருவரும் கவலைப்படுவதில்லை. சென்சார்கூட ஒளியை வாங்கிக் கொடுப்பதோடு சரி. லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுவதும், படத்தைச் சுருக்குவதும், நெட்டில் அனுப்புவதும் அந்த ஒரு சிப்தான். சின்ன கம்ப்யூட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்ட பாஸ்வேர்டு அப்படியே கிடந்த கேமராக்களையும் படத்தைப் பதிவு செய்யும் டி.வி.ஆர்.களையும் பிடித்து, அக்டோபர் 21 அன்று ட்விட்டர் உட்படப் பல தளங்களைத் தடுமாற வைத்தது. அதில் சிக்கிய பலவற்றின் உள்ளே சியோங்மாய் என்ற ஒரே சீனக் கம்பெனியின் போர்டு இருந்தது. வெளியே ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

நம் நாட்டு விதி வேறு மாதிரி. அது எந்த நாட்டின் பெயரையும் சொல்லவில்லை. 2025 ஏப்ரல் 9 முதல், விற்பனைக்கு வரும் கேமரா மாடல்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம்; ஏற்கெனவே மாட்டியதற்கு அல்ல. சோர்ஸ் கோடை, அதாவது மென்பொருளின் மூல நிரலை, காட்ட வேண்டும், முக்கியச் சிப் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். 'மேட் இன் இந்தியா' என்பது பெரும்பாலும் போர்டில் பாகம் பொருத்தி, லென்ஸ் முறுக்கி, டப்பாவில் போட்டது இங்கே என்று அர்த்தம். சிப் வெளியிலிருந்துதான் வந்திருக்கும். அது தப்பும் இல்லை. தைவான் சிப்போடு சோதனையில் தேறிய கேமராவை நான் தைரியமாக மாட்டுவேன். டப்பாவில் கொடி மட்டும் பெரிதாக அச்சடித்து, சான்றிதழைக் கேட்டால் "அப்புறம் அனுப்புகிறேன்ணா" என்பவரிடம் வாங்க மாட்டேன். வாங்கும் முன் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) கேர் ஆப்பில், டப்பாவில் 'R' என்று தொடங்கும் பதிவு எண்ணான ஆர் நம்பரைத் தட்டிப் பாருங்கள். மாடல் சான்றிதழ் பெற்றதா என்பதை மத்திய அரசின் சோதனை அமைப்பான எஸ்.டி.க்யூ.சி.யின் இணையதளத்தில் பார்க்கலாம்.

மண்டியில் மீதி ஏழும் ஹைசிலிகானோடு இன்றைக்கும் ஓடுகின்றன. வெளியிலிருந்து நெட் வழியாக நேராகக் கேமராவுக்குள் வர வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரௌட்டரில் எடுத்துவிட்டு, '12345' என்று கிடந்த பாஸ்வேர்டை நீளமாக மாற்றிக் கொடுத்தேன். அன்று ராத்திரியே மண்டிக்காரர் போன் செய்தார், "மொபைல்ல ஒண்ணும் தெரியலையே தம்பி." புது பாஸ்வேர்டைச் சொன்னேன். அடுத்த முறை போனபோது கணக்குப்பிள்ளை அதை தினசரிக் காலண்டர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார், மூன்றாம் நம்பர் கேமராவுக்கு நேர் எதிரே.