செந்தோசா காற்றுக் கூண்டில் பழகியவர் விங்சூட் அணிந்து குதிக்கலாமா?

சிங்கப்பூரின் செந்தோசாவில் உள்ள ஐஃபிளை காற்றுக் கூண்டில் (கீழிருந்து வீசும் பலத்த காற்றில் உடல் மிதக்கும் கூடம்) நன்றாகப் பழகிவிட்ட உங்கள் மகன் அடுத்து விங்சூட் எனும் இறக்கை உடையை அணிந்து விமானத்திலிருந்து குதிக்க விரும்புவதாகவும், அதற்கு அந்தப் பயிற்சி போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது.

கூண்டில் உடலைச் சமநிலையில் வைத்திருக்கக் கற்கலாம். உயரத்தைக் கணிப்பதையும் வான்குடையை விரித்து இறங்குவதையும் அங்கே கற்க முடியாது. அமெரிக்க வான்குடைச் சங்கத்தின் விதிப்படி, முதன்முறை விங்சூட் அணிவதற்கு முன் ஒருவர் குறைந்தது 200 முறை குதித்திருக்க வேண்டும்.

இதன் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது: மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் விழக்கூடிய உடல், கைகால்களுக்கு இடையிலுள்ள துணி காற்றால் உப்பியதும், ஒரு மீட்டர் இறங்குவதற்குள் இரண்டு மீட்டருக்கும் மேல் முன்னோக்கிப் பறக்கிறது. ஆனால் அதே துணி கைகளின் அசைவைக் கட்டுப்படுத்துகிறது. முதுகுக்குப் பின்னால் உருவாகும் காற்றுச் சுழலில் சிக்கி வான்குடை தாமதமாக விரியலாம், கயிறுகளும் முறுக்கிக்கொள்ளலாம். நவீன விங்சூட்டின் முன்னோடியான பத்ரிக் த கயார்தோனே 1998இல் ஹவாயில், தம் வான்குடை அமைப்பில் தாமே செய்த மாற்றத்தால் உயிரிழந்தார்.

விமானத்திலிருந்து குதிப்பவரிடம் மாற்று வான்குடை இருக்கும். மலை முகட்டிலிருந்து குதிப்பவரிடம் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், பாறையும் மிக அருகிலேயே இருக்கும். அதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் மகன் முதலில் தாய்லாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ முறையான விமானக் குதிப்புப் பயிற்சியில் சேரட்டும்.