பழைய சூப்பர் மார்க்கெட், பொம்மைக் கடைக் கட்டடங்கள் முன்பு என்னவாக இருந்தன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் அப்படித் தேடியதுண்டா?

தேடியிருக்கிறேன். ஒரே ஒரு கட்டடம்தான். அதுவும் வரலாற்று ஆர்வத்தால் இல்லை, பெயிண்ட் நிற்காததால்.

கீழக்கரையில் என் லாத்தாவின் (அக்காவின்) கணவர் ஒரு வாடகைக் கட்டடத்தில் சூப்பர் மார்க்கெட் நடத்துகிறார். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான்கு வரிசை ரேக், ஒரு ஏசி, வாசலில் பில் போடும் மேசை. முன்பாதிச் சுவருக்கு ஒரு குறையும் இல்லை. பின்பாதியில் மட்டும் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு வருடா வருடம் உப்புப் பூத்து, பெயிண்ட் பொரிந்து, அரிசி மூட்டைமேல் கொட்டும். எங்கள் கடற்கரையில் சுவர் பொரிவது புதுசில்லை. ஆனால் ஒரே கட்டடத்தில், ஒரே காற்றில், பாதிச் சுவர் மட்டும் ஏன் பொரிய வேண்டும்? மூன்று பெயிண்டர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் வந்தவர் சரியில்லை என்றார். மச்சானுக்குச் செலவு ஆனதுதான் மிச்சம்.

என் வாப்பா பல வருடம் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்தவர். கடைக்கு வந்தவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "சுவரைக் குத்தம் சொல்லாதடா, அந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு பாரு" என்றார். அப்படித் தொடங்கியது.

முதலில் இணையத்தில் தேடினேன். வந்ததெல்லாம் அமெரிக்கக் கதைகள். அங்கே இதை ஒரு பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். அங்கே பெரிய நிறுவனங்கள் தங்களுக்கென்று ஒரே அச்சில் கட்டடம் கட்டின. சேஃப்வே என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் கடைகளில் ஒரு வகைக்கு வில் போல் வளைந்த கூரை. டாய்ஸ் ஆர் அஸ் 2018-இல் அமெரிக்காவில் தன் கடைகளை மூடிய பிறகும், காலிக் கட்டடத்தின் முகப்பைப் பார்த்தே இது பொம்மைக் கடை என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த வித்தை நம் ஊரில் செல்லாது. இங்கே கடைக்காகக் கட்டடம் கட்டுவது குறைவு. ஏற்கெனவே நிற்கும் கட்டடத்துக்குள் கடை போய் உட்காரும். சத்திரத்துக்குள் லாட்ஜ் வரும், தியேட்டருக்குள் கல்யாண மண்டபம் வரும். ஃபிளெக்ஸ் பேனரைக் கழற்றினால்தான் உள்ளே யார் என்று தெரியும்.

சரி, காகிதத்தைப் பார்ப்போம் என்றால், எல்லோரும் சொல்வது வில்லங்கச் சான்று (ஈசி), ஒரு சொத்தின்மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல். ஈசி போட்டுப் பார்த்தேன். நான் பார்த்தபோது பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிறகு உள்ளதுதான் இருந்தது; அதற்கு முன்னால் வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. கிடைத்தது என்ன? உரிமையாளர் பெயர்கள், ஒரு பாகப்பிரிவினை, ஒரு அடமானம். கடை என்ற சொல்லே இல்லை. காரணம் எளிது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் கட்டாயம் பதிய வேண்டும். அதனால் ஊரில் எல்லோரும் 11 மாத ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு கடை இருபது வருடம் ஓடியிருக்கும். பதிவேட்டில் அதற்கு ஒரு வரி இருக்காது.

வாப்பா சிரித்தார். "அந்த வீட்டுப் பத்திரத்துல என்னடா இருக்கும்? பக்கத்து வீட்டுப் பத்திரத்தை எடு."

இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தன் கட்டடத்தைப் பற்றி எழுதும்போது பத்திரம் "காரைக்கட்டு வீடும் அடிமனையும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். ஆனால் நான்கெல்லை எழுதும்போது, அதாவது செக்குபந்தியில், பக்கத்தில் இருப்பதை ஊர் எப்படிக் கூப்பிடுகிறதோ அப்படியே எழுதும். கீழ்ப்பக்கத்து வீட்டின் 1952-ஆம் வருடக் கிரயப் பத்திரத்தில் "கருவாட்டுக் கிட்டங்கிக்குக் கிழக்கு" என்று வருகிறது; கிட்டங்கி என்றால் சரக்குக் கிடங்கு, அதுதான் எங்கள் கட்டடம். தென்பக்கத்து மனையின் 1979 பத்திரத்தில் "பழைய கிட்டங்கிக்குத் தெற்கு". பின்னால் ஒரு சின்னத் துண்டு கைமாறியபோது, 1994-இல், "பொம்மைக் கடைக்கு மேற்கு". மூன்று பத்திரத்தையும் மேசையில் வரிசையாக வைத்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்துவிட்டது.

அடுத்தவர் பத்திரம் எப்படிக் கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஒன்று சொந்தக்காரர் வீடு, கேட்டதும் கொடுத்தார்கள். மற்றவற்றுக்கு ஈசியில் ஆவண எண்ணைப் பிடித்து நகல் மனுப் போட்டேன். அசையாச் சொத்து ஆவணங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் கேட்கலாம். பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. கவுண்டரில் "உங்களுக்கு எதுக்கு சார்?" என்று கேட்பார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. எழுத்தர்கள் முன் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லையை அப்படியே இறக்கிவிடுவார்கள். கிட்டங்கி இடிந்து முப்பது வருடம் ஆகியிருக்கும், பத்திரத்தில் நின்றுகொண்டிருக்கும். வாப்பாவும் அப்படி எழுதியவர்தான், ஒப்புக்கொள்கிறார். ஆகவே ஒரு பெயர் முதன்முதலில் தலைகாட்டும் வருடத்தை நம்பலாம். கடைசியாக வரும் வருடத்தை நம்பக்கூடாது.

பத்திரம் கையில் வருவதற்கு முன்னால் நான் ஒரு வாரம் வீணாக அலைந்ததையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் வயதான காக்கா ஒருவரிடம் (எங்களுக்குக் காக்கா என்றால் அண்ணன்) கேட்டபோது, "அது பண்டகசாலைல்ல" என்றார். நான் கூட்டுறவுப் பண்டகசாலை என்று எடுத்துக்கொண்டு, சீனி, மண்ணெண்ணெய் கொடுத்த ஸ்டோர் அங்கே இருந்ததா என்று கூட்டுறவு ஆட்களைத் துளைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது பழைய அர்த்தத்தில்: வியாபாரிகள் சரக்கு இறக்கி வைக்கும் இடம். என் வயசு ஆளுக்கு அந்தச் சொல் ரேஷனோடு ஒட்டிப்போய்விட்டது, அவருக்குக் கப்பலோடு. மறுபடி போய் உட்கார்ந்தபோது முழுதும் சொன்னார். இந்தக் கரையிலிருந்து கருவாடு கொழும்புக்குப் போன காலம் அது. பின்கட்டு முழுக்க உப்புக் கருவாட்டுச் சிப்பம், சுவரோரம் இடுப்பளவுக்கு அடுக்குவார்களாம்.

இடுப்பளவு! சுவர் இத்தனை வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய சுவர், கடலில் வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்கா ஆவதற்கு முன்னால் இங்கே அந்தக் கல்லில்தான் கட்டினார்கள். பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான கல். கருவாட்டு உப்பு பல வருடம் அதற்குள் இறங்கிவிட்டது. ஈரம் வெளியேறும்போதெல்லாம் உப்பு மேற்பரப்புக்கு வந்து படிகமாகி, பெயிண்டைத் தள்ளிவிடுகிறது. மேலே சிமெண்ட் பூசி மூடியது இன்னும் மோசம், ஈரம் போக வழியில்லாமல் பூச்சையே பெயர்த்துவிட்டது.

1980-களில் இலங்கையில் போர் மூண்டு, ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலும் நின்ற பிறகு கிட்டங்கிக்கு வேலை இல்லாமல் போனது. அப்புறம் வந்ததுதான் பொம்மைக் கடை. அதை நானே பார்த்திருக்கிறேன். பொம்மைக் கடை என்பது ஊர் வைத்த பெயர். உண்மையில் அது பாரின் சாமான் கடை. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்த சென்ட், கோடாலித் தைலம், டேப் ரெக்கார்டர். கண்ணாடிக்குப் பின்னால் பேட்டரி போட்டால் கொட்டு அடிக்கும் குரங்கு ஒன்று உண்டு. என்னைப் போன்ற பிள்ளைகள் அதற்காகவே பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாக வருவோம், வாங்கியது ஒருநாளும் இல்லை. 2001 ஏப்ரலில் இறக்குமதிக்கு இருந்த கடைசி அளவுக் கட்டுப்பாடுகளும் போய், அதே குரங்கு சீனாவிலிருந்து ரோட்டோரத் தள்ளுவண்டிக்கு வந்தபோது அந்தக் கண்ணாடிக்கு மவுசு போய்விட்டது.

கடை எந்தக் காலத்தில் இருந்தது என்பதற்கு லாத்தாவின் பெட்டியடியில் கிடந்த ஒரு துணிப்பை சாட்சி. கடைப் பெயர், 04567 என்று தொடங்கும் தொலைபேசி எண், கீழே டிஎன்ஜிஎஸ்டி எண், அதாவது பழைய தமிழ்நாடு விற்பனை வரி எண். இந்த வரி எண்கள் கெட்டிக்காரத்தனமான தடயம். டிஎன்ஜிஎஸ்டி என்று இருந்தால் 2007-க்கு முன்னால் அடித்தது. 33-இல் தொடங்கும் 11 இலக்க டின் (வாட் வரி) எண் என்றால் 2007-க்கும் 2017-க்கும் இடையில். 15 எழுத்து வந்துவிட்டால் அது ஜிஎஸ்டி, 2017 ஜூலைக்குப் பிறகு. கடைப் பெயர் அச்சடித்த பாலிதீன் கேரி பேக் கிடைத்தால் அநேகமாக 2019 தடைக்கு முந்தையது. பழைய பில், காலண்டர் அட்டை, இவற்றையெல்லாம் தூக்கிப் போடாதீர்கள்.

புகைப்படம் தேடி அலைந்தவர்களுக்கு இன்னொரு யோசனை: கல்யாண வீடியோ. மாப்பிள்ளை ஊர்வலம் கடைத்தெரு வழியாகத்தான் வரும், கேமராக்காரர் லைட்டைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கி நடப்பார், இரண்டு பக்கப் போர்டும் வரிசையாக விழும். எங்கள் சாச்சாவின் (சித்தப்பாவின்) நிக்காஹ் கேசட்டை மாற்றிப் பதிந்து பார்த்தோம். மாப்பிள்ளை முகத்தைவிட பொம்மைக் கடைப் போர்டு தெளிவாக இருக்கிறது. சாச்சிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

சுவருக்கு வருவோம். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, கல்லை ஒரு கோடை முழுக்கத் திறந்தே விட்டோம். வெளியே வந்த உப்பைத் தண்ணீர் படாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்து, பிறகு சுண்ணாம்புப் பூச்சு. முழுதும் நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வருடம் ஒருமுறை துடைக்கும் அளவுக்குக் குறைந்திருக்கிறது. அரிசி முன்பக்கம் வந்துவிட்டது. பின்சுவரோரம் ஒரு அடி இடம் விட்டு வாளியும் குடமும் அடுக்கியிருக்கிறார் மச்சான்.

கடைப் பெயரைக் கேட்காதீர்கள், சொன்னால் ஊர்க்காரர்கள் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வேண்டுமானால் மச்சானின் கரண்ட் பில்லைப் பாருங்கள். அந்த இணைப்பு பொம்மைக் கடைக்காரர் வாங்கியது. பெயர் மாற்ற வேண்டும் என்று மச்சான் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன முறையும் பில் பொம்மைக் கடை பேரில்தான் வந்தது.