இன்சுலினுக்கு ஊசி, தைராய்டுக்கு மாத்திரை: ஹார்மோன் கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு இன்சுலின் ஊசி, அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை. இரண்டும் ஹார்மோன்தானே? அப்பாவுக்கும் மாத்திரையாகவே கொடுத்தால் என்ன?

பதில்: ஹார்மோன் எதனால் ஆனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இன்சுலின் ஒரு சிறிய புரதம். 51 அமினோ அமிலங்கள் கோத்தது. விழுங்கினால் பருப்பும் முட்டையும் செரிப்பதுபோல அதுவும் செரித்துப் போய்விடும். தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்சினோ, டைரோசின் என்ற ஒற்றை அமினோ அமிலத்திலிருந்து உருவாகும் சின்ன மூலக்கூறு. நான்கு அயோடின் அணுக்கள் அதில் உண்டு. வயிறு அதை உடைப்பதில்லை, குடல் உறிஞ்சிக்கொள்ளும். மூன்றாவது வகை, கொலஸ்ட்ராலிலிருந்து உடல் தயாரிக்கும் ஸ்டீராய்டுகள்: கார்ட்டிசால், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன். இந்த வகையிலும் மாத்திரைகள் உண்டு. கருத்தடை மாத்திரையே அப்படித்தான்.

கேள்வி: அப்படியென்றால் சர்க்கரை நோய் மருந்தான செமாக்ளூடைட் மட்டும் மாத்திரையாக வருகிறதே?

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். அது குடல் ஹார்மோன் ஒன்றைப் பார்த்துச் செய்த பெப்டைடு, அதாவது குட்டிப் புரதம். வயிற்றிலேயே உறிஞ்ச உதவும் ஒரு பொருளைச் சேர்த்து மாத்திரை ஆக்கியிருக்கிறார்கள். அப்படியும் ரத்தத்துக்குப் போவது சுமார் ஒரு சதவீதம்தான். அதனால்தான் சர்க்கரை நோய்க்கு வாரம் ஒரு ஊசிக்கு 1 மில்லிகிராம் போதும் என்கிற இடத்தில், மாத்திரை தினமும் 14 மில்லிகிராம் வரை போகிறது.

கேள்வி: தம்பியைக் குளவி கொட்டி மூச்சுத் திணறியது. அட்ரினலின் போட்ட சில நிமிடத்தில் தெளிந்துவிட்டான். பிறகு ஹைட்ரோகார்ட்டிசோனும் போட்டார்கள். எதற்கு இரண்டு?

பதில்: இரண்டும் வேலை செய்கிற இடம் வேறு. அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதே இல்லை. மேற்பரப்பிலுள்ள ஏற்பியை (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதத்தை) தொட்டவுடன் உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு பெருகும், மூச்சுக்குழாய்த் தசை தளரும். எல்லாம் நிமிடக் கணக்கு. ஹைட்ரோகார்ட்டிசோன் ஒரு ஸ்டீராய்டு. அது கொழுப்பில் கரைவதால் சவ்வைத் தாண்டி உள்ளே போய், ஏற்பியோடு சேர்ந்து உட்கருவில் மரபணுக்களை இயக்கும். அதன்பின் புதுப் புரதம் தயாராக வேண்டும். அதற்கு மணிக்கணக்கு ஆகும். எனவே உயிரைக் காப்பாற்றியது முதல் ஊசி. "ஸ்டீராய்டு போட்டாச்சே" என்று அட்ரினலினைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 12 என்று இருக்கிறது. டாக்டரோ தைராய்டு குறைவு என்கிறார். எண் கூடத்தானே இருக்கிறது?

பதில்: அந்த எண் தைராய்டுடையது அல்ல, தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளை. ஆள் வேலையில் சுணங்கினால் மேஸ்திரியின் சத்தம் கூடுமே, அதுபோல. தைராக்சின் போதுமான அளவுக்கு வந்ததும் டி.எஸ்.எச். தானாக இறங்கும். ஆனால் மாத்திரை தொடங்கி பத்தே நாளில் மறுபடி டெஸ்ட் எடுத்துக் காசைக் கரியாக்காதீர்கள். தைராக்சின் ரத்தத்தில் பாதியாகவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். அளவு நிலைப்பட 6 வாரமாவது வேண்டும்.

கேள்வி: அந்த மாத்திரையைக் காபியோடு போடலாமா?

பதில்: வேண்டாம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி.

கேள்வி: ஆபீஸில் யாரோ வீட்டுக் குழந்தை அழுதால்கூட எனக்குப் பால் கசிந்து புடவை நனைகிறது. இது நோயா மேடம்?

பதில்: இல்லவே இல்லை அம்மா. பாலை உற்பத்தி செய்யச் சொல்வது புரோலாக்டின், வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின். ஆக்ஸிடோசின் சுரக்கக் குழந்தை வாய் வைக்க வேண்டும் என்பதே இல்லை. அழுகைச் சத்தம், ஏன், குழந்தையின் நினைப்பே போதும். பதற்றமும் வலியும் அதைத் தடுக்கும். புதுத் தாயிடம் "பால் இல்லையா, பால் இல்லையா" என்று நச்சரிக்கும் உறவினர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: மூட்டுவலிக்கு மூன்று மாதமாகப் பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறேன். வலி போய்விட்டது. நாளையிலிருந்து நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். பிரெட்னிசோலோனும் ஸ்டீராய்டுதான். வெளியிலிருந்து அது வந்துகொண்டே இருந்ததால், கார்ட்டிசால் சுரக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் பிட்யூட்டரி கட்டளை அனுப்புவதைக் குறைத்திருக்கும். சுரப்பியும் சோம்பிக் கிடக்கும். திடீரென்று விட்டால் சொந்தக் கார்ட்டிசால் கைகொடுக்காது. வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடமே போய்ப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கடும் காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தால், இந்த மாத்திரை சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.