பந்து பிடித்தால் வாசிப்பு வருமா?

கேள்வி: எட்டு வயது மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு. ஆடும் பலகையில் நின்று பந்து பிடிக்கும் பயிற்சி செய்தால் வாசிப்பு வந்துவிடும் என்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: விளையாட்டுக்கென்றால் தாராளமாக. வாசிப்புக்கென்றால் வேண்டாம். உடல் சமநிலையைக் கவனிக்கும் சிறுமூளையைத் தூண்டினால் வாசிப்பு சரியாகும் என்ற கருத்தில் பிறந்தவை இவை. ஆதரவாக 2003-இல் வந்த ஆய்வைப் பல ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். டிஸ்லெக்சியாவில் பெரும்பாலும் சிக்கல், சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதில்தான். ‘படம்’ என்பதில் ‘ப’வை எடுத்துவிட்டு ‘த’ போடச் சொன்னால், என் மாணவி ஒருத்தி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். இத்தனைக்கும் பந்தை ஒற்றைக் கையில் பிடிப்பவள்! ஒலியையும் எழுத்தையும் இணைத்துப் படிப்படியாகச் சொல்லித்தரும் சிறப்பு ஆசிரியரைத் தேடுங்கள். வீட்டில் தினமும் 15 நிமிடம் இப்படி ஒலியை மாற்றிச் சொல்லும் விளையாட்டை விளையாடுங்கள். அப்புறம் பந்தை எடுத்துக்கொண்டு ஓடட்டும்.