கறி ஹவுஸ் ருசிக்கு ஒரு பொடி: கவென்ட்ரி தம்பிக்கு

தம்பி, செப்டம்பரில் இங்கிலாந்தின் கவென்ட்ரிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்ததாக எழுதியிருந்தீர்கள். வீட்டில் கூடத் தங்கியிருக்கும் பையன்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி கறி ஹவுஸிலிருந்து, அதாவது இந்த ஊர் 'இந்திய' உணவகத்திலிருந்து, வாங்கி வந்த சிக்கன் மெட்ராஸ் உங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அதையே செய்து பார்த்தால், அம்மா கொடுத்தனுப்பிய குழம்பு மிளகாய்த்தூளிலும் வரவில்லை, கடையில் விற்கிற சாஸ் புட்டியிலும் வரவில்லை. அந்தக் கடைக்காரர்கள் அப்படி என்ன பொடி போடுகிறார்கள், வீட்டில் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். வறுக்க வேண்டாம், அரைக்க வேண்டாம், கலந்தால் போதும். ஆனால் பொடி பாதிதான். மீதி வெங்காயத்திலும் அடுப்பிலும் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பொடியைக் கலந்துவிட்டு மறுபடியும் ஏமாந்துபோவீர்கள்.

நான் 2009-ல் லெஸ்டருக்குப் படிக்க வந்தவன். வகுப்பு நடக்கும் காலத்தில் மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த 20 மணி நேரத்தையும் ஒரு கறி ஹவுஸ் சமையலறையில் பாத்திரம் கழுவியும் வெங்காயம் உரித்தும் கழித்தேன். முதலாளியிலிருந்து தந்தூரி போடுகிறவர் வரை எல்லோரும் சில்ஹெட்காரர்கள். 'இந்தியன்' என்று பலகை மாட்டியிருக்கும் கடைகளில் பெரும்பாலானவற்றைக் காலங்காலமாக நடத்தி வருவது பங்களாதேஷின் சில்ஹெட் பக்கத்து மக்கள்தான். கப்பலில் வேலைக்கு வந்து இங்கேயே இறங்கிவிட்டவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும், இந்த ஊர் நாக்குக்கு ஏற்றபடி உருவாக்கிய சமையல் இது. அதில் நம் வீட்டு ருசியைத் தேடக் கூடாது. அது தனிச் சமையல், அதற்குத் தனிக் கணக்கு.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தயிர் வாளி இருக்கும். தயிர் தீர்ந்ததும் கழுவிக் காயவைத்த வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி. அதில் மஞ்சளும் காவியும் கலந்த நிறத்தில் பொடி. 'மிக்ஸ் பவுடர்' என்பார்கள். ஷெஃப் நீளக் காம்புக் கரண்டியின் நுனியால் கொஞ்சம் அள்ளுவார், அவ்வளவுதான் அளவு. ஒரு வருடம் அந்தக் கரண்டி நுனியைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். வாளியைக் கலக்கும் வேலை பிறகு எனக்கே வந்தது. வாரம் முழுக்க நகக்கண் மஞ்சளாகவே இருக்கும்.

வீட்டு அளவுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது, எல்லாம் தலைதட்டிய மேசைக்கரண்டி: மல்லித்தூள் 4, மைல்ட் மெட்ராஸ் கறிப் பொடி 4, மஞ்சள்தூள் 3, சீரகத்தூள் 3, பாப்ரிகா (நிறத்துக்குப் போடும் காரமில்லாத சிவப்புக் குடைமிளகாய்ப் பொடி) 3, கரம் மசாலா 1. மொத்தம் 18 கரண்டி. ஒரு ஆள் கறிக்கு 2 தேக்கரண்டி போதும், எனவே ஒருமுறை கலந்தால் 27 தடவைக்கு வரும். இறுக்கமான மூடி போட்ட டப்பாவில், அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வைத்தால் வாசம் போய்விடும்.

மஞ்சள் இவ்வளவா என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. நம் வீட்டில் சிட்டிகைதான் போடுவோம். இங்கே அதுதான் நிறம், அந்த மண்வாசனையும் அதுதான், குறைக்காதீர்கள். கலவைக்குள் கடைக் கறிப் பொடியையும் போடுவது ஏமாற்று வேலை இல்லை. வெந்தயம், கடுகு, பெருஞ்சீரகம் என்று துளித்துளியாக வேண்டியவை அதற்குள் ஏற்கெனவே இருக்கும், ஒவ்வொன்றாக வாங்க வேண்டாம்.

மிளகாய்த்தூள் இதில் இல்லை, கவனித்தீர்களா? காரணம் இருக்கிறது. ஒரே வாளியிலிருந்துதான் காரமில்லாத கறியும் போக வேண்டும், கடுங்காரமான விந்தாலுவும் போக வேண்டும். அதனால் காரம் எப்போதும் வாணலியில்தான் சேரும். கொர்மாவுக்குப் பல கடைகளில் இந்தப் பொடியே போடுவதில்லை. உங்கள் மெட்ராஸ் என்பதும் இங்கே காரத்தின் அளவைச் சொல்லும் பெயர், சென்னையில் எந்த வீட்டிலும் அப்படி ஒரு குழம்பு கிடையாது.

வாங்குவது பற்றி. சூப்பர்மார்க்கெட்டின் கண்ணாடிப் புட்டியில் 40 கிராம்தான் இருக்கும், அதற்குக் காசைக் கொட்டாதீர்கள். அதே கடையில் 'வேர்ல்ட் ஃபுட்ஸ்' என்று ஒரு வரிசை இருக்கும், அங்கே பெரிய பாக்கெட் மலிவு. இன்னும் நல்லது, ஃபோல்ஸ்ஹில் ரோடு பக்கம் போய் நம் ஆட்கள் கடையில் 100 கிராம் பாக்கெட்டாக வாங்குவது. 400 கிராமைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், ஒரு ஆளுக்கு அது வருடத்துக்கும் தீராது. இரண்டு இடத்தில் கவனம். 'ஸ்மோக்ட்' என்று போட்ட பாப்ரிகாவை எடுத்துவிடாதீர்கள், கறி முழுக்கப் புகை வாடை அடிக்கும். 'மைல்ட் சில்லி பவுடர்' என்று வரும் சில புட்டிகளில் மிளகாயோடு சீரகம், பூண்டு, ஒரிகானோ, உப்பு எல்லாம் கலந்திருக்கும். அது மெக்சிகோ பாணிச் சமையலுக்கானது. பின்பக்கத்தைப் படித்துவிட்டு எடுங்கள்.

இனி வெங்காயம். புட்டி சாஸிலும் உங்கள் குழம்பிலும் இல்லாதது இதுதான். கடைகளில் 'பேஸ் கிரேவி' என்று ஒரு அண்டா நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கு 1 கிலோ வெங்காயம், ஒரு கேரட், பாதி குடைமிளகாய், பாதி டின் தக்காளி, இஞ்சியும் பூண்டும் சேர்ந்து 50 கிராம், எண்ணெய் 150 மில்லி, கொஞ்சம் உப்பு, நம் பொடியில் ஒரு மேசைக்கரண்டி. முழுகத் தண்ணீர் ஊற்றி, மூடி வைத்து, சின்னத் தீயில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். வெங்காயம் விரலிடையில் நசுங்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகு அரையுங்கள். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் மூடி தெறிக்கும். அரைத்ததைத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை மறுபடியும் கொதிக்கவிடுங்கள். தனியாக ருசித்தால் சப்பென்றுதான் இருக்கும், பயப்படாதீர்கள். டேக்அவே டப்பாக்களைக் கழுவி வைத்திருப்பீர்களே, அவற்றில் 300 மில்லியாக ஊற்றி ஃப்ரீசரில் போடுங்கள். ஒரு டப்பா, ஒரு ஆள் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் உட்கார்ந்தால் பரீட்சை நேரம் முழுக்க ஓடும்.

சமைக்கும்போது மூன்று மேசைக்கரண்டி எண்ணெயைக் குறைக்காதீர்கள். நடுத்தரச் சூட்டில் ஒரு தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது. முதலில் படபடவென்று சத்தம் போடும், அரை நிமிடத்தில் அடங்கும். எங்கள் ஷெஃப் வாணலியைப் பார்க்காமல் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். அடங்கிய அந்த நொடியில் கசூரி மேத்தி (காய்ந்த வெந்தயக்கீரை) ஒரு சிட்டிகை, மிக்ஸ் பவுடர் 2 தேக்கரண்டி, மெட்ராஸ் என்றால் மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு. உடனே கையில் தயாராக இருக்கும் கிரேவியில் இரண்டு கரண்டி தெளிக்க வேண்டும். இங்கேதான் நான் கோட்டை விட்டேன். முதல் தடவை வீட்டில் செய்தபோது கிரேவியை எட்டி எடுப்பதற்குள் பொடி கறுத்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்குப் புகை அலாரம் அலறி, ஜனவரிக் குளிரில் வீட்டிலிருந்த ஐந்து பேரும் தெருவில் நின்றார்கள். கறியும் கசந்துபோயிற்று. பொடி கருகினால் எதைப் போட்டாலும் அந்தக் கசப்பு போகாது, கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

பொடி வதங்கியதும் மூன்று பங்கு தண்ணீரில் கரைத்த தக்காளி ப்யூரே இரண்டு மேசைக்கரண்டி. ஓரத்தில் எண்ணெய் பிரிந்ததும் தீயை முழுசாக வைத்து, சூடான கிரேவியில் ஒரு அகப்பை. அப்புறம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள், கிண்டக் கூடாது. மேலே குழி குழியாகக் கொதித்து, ஓரத்தில் பழுப்பாக ஒட்டும். அந்த ஒட்டலைச் சுரண்டி உள்ளே தள்ளிவிட்டு அடுத்த அகப்பை. கடை ருசி என்று நீங்கள் தேடுவது அந்த ஒட்டல்தான். முன்பே வேகவைத்த கோழியைப் போட்டு, மிச்ச கிரேவியையும் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து இறக்குங்கள். எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. உங்கள் வீட்டில் கண்ணாடி மேடை மின் அடுப்பாக இருந்தால் சூடு மெதுவாகத்தான் ஏறும், முதலிலேயே வாணலியை நன்றாகக் காயவையுங்கள்.

வாடகை வீடு என்பதால் இன்னும் சில. அலாரத்தின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டும் பழக்கம் மாணவர் வீடுகளில் இருக்கிறது, அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். சமையலறைக் கதவை மூடி ஜன்னலைத் திறங்கள். மஞ்சள் சிந்தினால் அந்த நிமிடமே துடையுங்கள், வெள்ளை மேடையில் கறை படிந்தால் வீட்டுக்காரர் டெபாசிட்டில் பிடிப்பார். குளிருக்குப் போடும் கோட்டை அறைக்குள் பூட்டிவிட்டுச் சமையுங்கள், தாளித்த வாசம் கம்பளித் துணியில் ஏறினால் வாரக்கணக்கில் இறங்காது.

அந்தப் பையன்களுக்கும் பரிமாறுவதானால், அலர்ஜி உண்டா என்று முதலில் கேளுங்கள். கறிப் பொடியில் கடுகு இருக்கும். இந்த நாட்டில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய 14 அலர்ஜிப் பொருள்களில் கடுகும் ஒன்று. பாதாம் பொடிக்குப் பதில் நிலக்கடலை கலந்த பொடியைப் போட்டு ஒருவர் இறந்துபோன வழக்கில், 2016-ல் வடக்கு யார்க்ஷயர் உணவக உரிமையாளர் ஒருவருக்கு ஆறு வருடச் சிறை கிடைத்தது. நம் ஊரில் விருந்தாளியிடம் இதைக் கேட்டுப் பழக்கமில்லை, இங்கே கேட்டே ஆக வேண்டும்.

அம்மா கொடுத்த குழம்புத்தூளை இனி இந்தக் கறியில் போட்டு வீணாக்காதீர்கள். சின்னச் சின்ன ஜிப் பையாகப் பிரித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு பையை மட்டும் வெளியே எடுத்து, ஈரக் கரண்டி படாமல் புழங்கினால் அடுத்த முறை ஊருக்குப் போகும்வரை புளிக்குழம்புக்கு வரும்.